வலது கைப் பக்கத்து நாற்காலி

சீன எல்லையோரத்துப் பான்லோங் ஊரில் யாருக்குப் பதவி ஏறுகிறது, யாருக்குச் சறுக்குகிறது என்று தெரிந்துகொள்ள யாரும் செய்தித்தாளைப் பிரிப்பதில்லை. சந்தைக்கு வரும் நோங் சுமெய்யை மடக்கிப் பிடித்தால் போதும். மாவட்ட வெளியுறவு அலுவலகத்தில் நாற்காலி போடுகிறவள் அவள்தான். போன வாரம் மேடையில் மூன்றாவதாக இருந்தவர் இந்த வாரம் ஐந்தாவதாகத் தள்ளப்பட்டால், அந்த மனிதருக்கு முன்பே அது சுமெய்க்குத் தெரிந்திருக்கும். ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். கீரைக்காரியிடம் பேரம் பேசுவதோடு சரி. அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறோம் என்று சிலர் பெருமையடித்துக் கொள்வார்கள். அதில் பாதி புளுகு.

பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'வரவேற்புப் பணியாளர்' என்றுதான் இருந்தது. ஊரில் அவள் நாற்காலி அக்கா. பெயர் அட்டை எழுதுவது, கொடி வைப்பது, தேநீர்க் கோப்பை அடுக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்பு நூல்கண்டு கிடக்கும். மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நூலைக் கட்டி இழுத்து, கோப்பைகளின் காதுகள் எல்லாம் அதைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வைப்பாள். வீட்டிலும் அந்தப் புத்தி போகவில்லை. சூப்புக் கிண்ணங்களை வரிசை கட்டுகிறாள் என்று அவள் கணவர் லியாங் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். பேருந்து ஓட்டுகிற மனிதர், அவருக்கு எதையும் கொஞ்சம் கோணலாக நிறுத்தித்தான் பழக்கம்.

இந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. உள்ளூர்க் கூட்டம் என்றால் தலைவரின் இடது கைப் பக்கம் உயர்ந்தது. இரண்டாவது ஆள் அங்கேதான் உட்கார வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வியட்நாம்காரர்கள் வந்துவிட்டால் கணக்கு தலைகீழ். வெளிநாட்டார் முன்னால் வலது கைதான் உயர்ந்தது, முதல் விருந்தாளிக்கு வலது பக்கம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாறும்போது பலருக்குத் தலை சுற்றும். சுமெய்க்குச் சுற்றாது. இரண்டு நாடும் மறுபடி கை குலுக்கிக்கொண்ட வருஷம் அவள் இந்த வேலையில் சேர்ந்தாள். அதிலிருந்து இருபத்தாறு வருஷம், ஒரு தவறு கிடையாது. அவளுக்கு அதில் இருந்த கர்வத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவளிடம் இருந்த ஒரே நகை அதுதான்.

அவள் பதினாறு வயதில் இதே எல்லையில் பீரங்கிச் சத்தம் கேட்டிருக்கிறாள். எட்டு வயதுத் தங்கை ஆலானைத் தூக்கிக்கொண்டு சுண்ணாம்புக் குகையில் ஒரு மாதம் படுத்துக் கிடந்தாள். சண்டை முடிந்து, பகை முடிந்து, ஆற்றங்கரையில் சந்தை கூடத் தொடங்கியதும் அதே ஆலான் என்ன செய்தாள் தெரியுமா? வாத்து முட்டை வாங்க அக்கரையிலிருந்து வந்தவனைப் பார்த்துச் சிரித்து, அவனையே கட்டிக்கொண்டு போய்விட்டாள். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இந்தக் கரையில் எங்களை ஜுவாங் என்கிறார்கள், அந்தக் கரையில் நூங் என்கிறார்கள். பேச்சு ஒன்று, பாட்டு ஒன்று, வீட்டுச் சண்டையும் ஒன்றுதான்.

நாலாங் துறையில் ஒரு சிமெண்டுப் பாதை ஆற்றைக் குறுக்காகக் கடக்கும். சுமெய் வீட்டிலிருந்து ஆலான் வீட்டுக்கு அரை மணி நடை. நாலு வருஷத்துக்கு முன் எருமைகளுக்குக் கோமாரி வந்தது. துறையின் இரும்புக் கதவைச் சாத்தினார்கள். ஒரே வருஷத்தில் கோமாரி போய்விட்டது, கதவு மட்டும் சாத்தியபடியே நின்றது. இப்போது தங்கையைப் பார்க்க வேண்டுமானால் பேருந்தில் பெரிய சோதனைச் சாவடிக்குப் போய், வரிசையில் நின்று, அந்தப் பக்கம் இறங்கி மறுபடி அதே தூரம் திரும்பி வர வேண்டும். விடிந்து கிளம்பினால் பொழுது சாயும்போது போய்ச் சேரலாம்.

கதவைத் திறக்க இரண்டு பக்கமும் ஆசைதான். யார் முதலில் கேட்பது என்பதுதான் சிக்கல். கேட்டவனுக்குத் தேவை என்று ஆகிவிடும். தேவை இருக்கிறவன் சோதனைக் கொட்டகையைக் கட்டித் தரவேண்டும், வண்டிச் சக்கரமும் மாட்டுக் குளம்பும் நனைந்து போக மருந்துக் குழி தோண்டவேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக முகம் சின்னதாகிப் போகும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லைக் கூட்டம் கூடும். மலையும் ஆறும் இணைந்த நட்பைப் பற்றி இரண்டு தலைவர்களும் முக்கால் மணி நேரம் பேசுவார்கள். மற்றவர் கேட்பார் என்று இவரும், இவர் கேட்பார் என்று அவரும் தேநீரைக் குடித்துக்கொண்டே காத்திருப்பார்கள். எட்டுக் கூட்டம் இப்படியே போனது. தேநீர் ஊற்றிய சுமெய்க்குத்தான் கை வலித்தது.

அந்த வருஷம் ஏழாம் மாதம் ஆலான் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, பொண்ணுக்குத் தேதி குறிச்சாச்சு. பத்தாம் மாசம் பதினெட்டு. சோறு நீதான் கொண்டு வரணும்."

"எப்பிடிடி கொண்டு வர்றது? சுத்தி வந்தா ராத்திரி ஆயிடும். சோறு புளிச்சு நாறிடும்."

"கதவைத் திறக்கச் சொல்லு. உன் ஆபீஸ்லதானே எல்லாம் நடக்குது."

"நான் நாற்காலி போடுறவ. அதுல உக்கார்றவங்க வாயையும் நானா திறக்க முடியும்?"

"இருபத்தாறு வருஷமா என்னதான் பண்ணுற அங்க?" என்றாள் ஆலான். "நம்ம அம்மாவுக்கு அவங்க பெரியம்மா கொண்டு வந்தாங்க. எனக்கும் நம்ம பெரியம்மா கொண்டு வந்தாங்க. எம் பொண்ணுக்கு மட்டும் யாரு, பஸ் கண்டக்டரா கொண்டு வருவான்?"

அவர்கள் குடும்பத்து வழக்கம் அது. கல்யாணத்தன்று காலையில் பெண் சாப்பிடும் முதல் கவளம் ஐந்து நிறப் பசையரிசிச் சோறாக இருக்க வேண்டும். தாயின் பிறந்த வீட்டு அடுப்பில் வெந்திருக்க வேண்டும். பெரியம்மா தன் கையால் கொண்டு வந்து, சூடு ஆறுவதற்குள் ஊட்ட வேண்டும். முதல் நாளே போய் அங்கேயே சமைத்துவிடலாமே என்று லியாங் யோசனை சொன்னார். சுமெய் அவரைப் பார்த்த பார்வையில், கடை வரைக்கும் போய் வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார். பிறந்த வீட்டில் இப்போது குடியிருப்பது சுமெய்தான், அடுப்பும் அங்கேதான் இருக்கிறது. குகையில் தூக்கி வைத்திருந்த தங்கை. அவள் மகளுக்குச் சோறு கொடுக்க முடியாமல் போவதைச் சுமெய்யால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எட்டாம் மாதத்தில் ஒன்பதாவது எல்லைக் கூட்டம் வந்தது. அன்றைக்கென்று மேலிடத்திலிருந்து ஆய்வுக்குழு ஒன்றும் காலையிலேயே வந்து இறங்கியது. மேடையில் ஒன்பது பேர் என்றார்கள், பிறகு எட்டு என்றார்கள், மறுபடி ஒன்பது என்றார்கள். ஒவ்வொரு தடவையும் சுமெய் முழு வரிசையையும் கலைத்து, இடது உயர்வு என்று மறுபடி அடுக்கினாள். மத்தியானம் எல்லைக் கூட்டத்துக்கு வேறு அறையில் நீள மேசையை வலது உயர்வு என்று போட்டாள். அதற்கு நடுவில் ஓடிப்போய், ஆய்வுக்குழுவுக்கான விருந்து அறையில் வட்ட மேசையை இடது உயர்வு என்று ஏற்பாடு செய்தாள். உள்ளூர் விருந்துதானே.

எல்லைக் கூட்டத்தில் வழக்கம்போல நட்பு மட்டும்தான் வளர்ந்தது. புதிதாக வந்த மாவட்டத் துணைத் தலைவர் ஷாவ் அன்றுதான் முதல் முறையாகப் பங்கேற்க வேண்டும். மழையில் மலைப்பாதை சரிந்து அவர் கார் பாதி வழியில் நின்றுவிட்டது. அலுவலக இயக்குநர் வெய் அவருக்குப் பதில் உட்கார்ந்து நட்பைப் பற்றிப் பேசி முடித்தார்.

மாலை ஐந்து மணிக்கு வெய் ஓடி வந்தார்.

"அக்கா, மேலிடத்து ஆளுங்க மழைக்குப் பயந்து கெளம்பிட்டாங்க. அந்த ரூமையே வியட்நாம்காரங்களுக்குக் குடுத்துடுங்க. ஷாவ் சார் நேரா சாப்பாட்டுக்கு வந்துடுவாரு."

"பத்து நிமிஷம் குடுங்க சார்."

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் இருபத்தாறு வருஷம் சறுக்கியது. மேலிடத்து முதல் ஆளின் அட்டையை எடுத்துவிட்டு, ஷாவுக்கு இடது பக்கத்து அதே இடத்தில் அக்கரைத் தலைவரான தாம் என்பவரின் பெயரை வைத்தாள். இரண்டாம் ஆளின் இடத்தில் அவர்களுடைய இரண்டாம் ஆளான கால்நடை மருத்துவர் துயென் பெயரை வைத்தாள். அட்டைக்கு அட்டை சரியாகத்தான் இருந்தது. நூலை வட்டமாகப் பிடித்துக் கோப்பைகளையும் பார்த்தாள், ஒரு இழை பிசகவில்லை. இடதை வலதாகத் திருப்ப வேண்டும் என்பது மட்டும் மறந்துபோனது. விருந்தாளிகள் வந்து அட்டையைப் பார்த்து அடக்கமாக உட்கார்ந்தார்கள்.

ஷாவ் நனைந்த சட்டையோடு உள்ளே வந்தார். நகரத்து ஆள், இளவயதில் பதவி ஏறியவர், முதல் நாளே தாமதமாக வந்த வெட்கம் முகத்தில் தெரிந்தது. யாரும் அறிமுகம் செய்துவைக்கக் காத்திருக்கவில்லை. நேரே தன் நாற்காலிக்குப் போய், வலது பக்கம் இருந்தவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிக்கணும். ரோடு சரிஞ்சு போச்சு. உங்களைக் காக்க வச்சுட்டேன்."

மேசையின் எதிர்ப்பக்கத்தில் இருந்த வெய் வாயைத் திறந்தார். வெளிநாட்டார் முன்னால் தலைவரைத் திருத்துவது எப்படி என்று தெரியாமல் மூடிக்கொண்டார். சுவரோரம் கெண்டியோடு நின்ற சுமெய்க்கு அப்போது கூட உறைக்கவில்லை. மீனின் கன்னத்துச் சதையை ஷாவ் எடுத்து வலது பக்கத்துத் தட்டில் வைத்தார். முதல் விருந்தாளிக்கு மட்டுமே வைக்கிற துண்டு அது. அந்தத் தட்டுக்கு மேலே மாட்டு மருத்துவரின் முகம் இருந்தது. அக்கரைத் தலைவர் தாம் இடது பக்கத்தில் உட்கார்ந்து நிலக்கடலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் சுமெய்க்குத் தவறு உறைத்தது. கெண்டியைக் கீழே போடாமல் இருந்ததே பெரிய விஷயம்.

ஷாவ் முதல் கோப்பையை மருத்துவருக்கு உயர்த்தினார். அரிசி மது. வெளிநாட்டு விருந்தாளிகள் இருந்தால் மட்டும் மேசைக்கு வரும்.

"நம்ம ரெண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. உங்களுக்கு எங்ககிட்ட என்ன குறை? மனசு விட்டுச் சொல்லுங்க."

இதற்கு ஒரு பதில் உண்டு. குறை ஒன்றுமில்லை, நட்பு நீடூழி வாழ்க என்று சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும். எல்லையின் இரண்டு பக்கத்திலும் எந்த அதிகாரிக்கும் இது தெரியும். துயென் அதிகாரி இல்லை. முப்பது வருஷமாக மாட்டுக்காரர்களிடம் எங்கே வலி, எத்தனை நாளாக என்று கேட்டுப் பழகியவர். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற மனிதர். எங்கள் பேச்சும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"நாலாங் துறைக் கதவுதாங்க," என்றார். "கோமாரி போயி மூணு வருஷமாச்சு. எல்லா எருமைக்கும் நானே ஊசி போட்டிருக்கேன். மாடெல்லாம் கொழுகொழுன்னு இருக்கு. மனுஷங்கதான் சுத்திச் சுத்திப் போயி இளைச்சுப் போறாங்க."

மேசையில் சாப்பாட்டுக் குச்சிகள் நின்றன. ஷாவின் முகம் மலர்ந்தது. நாலு வருஷமாக வாய் திறக்காத அக்கரைத் தலைவர், தன்னிடம் முதல் நாளே கேட்டுவிட்டார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"அவ்வளவுதானா? எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல," என்று சொல்லிவிட்டு, இடது பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

தாம் தலைவர் நிலக்கடலையைக் கீழே வைத்தார். பழுத்த மனிதர். அவர் கேட்கவில்லை, அவருடைய மருத்துவர்தான் கேட்டார். ஒத்துக்கொண்டது சீனத் தரப்பு. அவர் முகத்துக்கு ஒரு கீறலும் இல்லை. இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு நாலு வருஷத்துக்கு வராது என்பது அவருக்குப் புரிந்தது.

"டாக்டரே நோய் இல்லன்னு சொல்லிட்டா, குறுக்க நிக்க நான் யாரு?" என்றார். "கொட்டகையை ஆளுக்குப் பாதி கட்டிடுவோம்."

வெய் குறிப்பேட்டை எடுத்து வேகமாக எழுதினார். எழுதியதைக் காற்றுகூட அழிக்காதபடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

கார் ஏறும் இடத்தில் ஒருவருக்கொருவர் முகவரி அட்டை கொடுத்துக்கொண்டார்கள். துயென் கொடுத்த அட்டையை ஷாவ் இரண்டு கையாலும் வாங்கி, மரியாதையாகப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு வெய்யைப் பார்த்தார், வெய் சுமெய்யைப் பார்த்தார், சுமெய் தரையைப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவள் வெய்யின் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், நேத்து தப்பு பண்ணிட்டேன். எழுதிக் குடுத்துடுறேன்."

"என்ன தப்பு?"

"நாற்காலி மாறிப்போச்சு. தலைவரை இடது பக்கம் வச்சுட்டேன்."

"கதவைச் சாத்துங்க அக்கா," என்றார் வெய். சாத்தினாள். "நீங்க தப்பு பண்ணியிருந்தா, ஷாவ் சார் முதல் கோப்பையை மாட்டு டாக்டருக்குக் குடுத்தாருன்னு ஆகும். குடுத்தாரா?"

"குடுத்தாரு சார்."

"குடுக்கலை. அவர் மாட்டு டாக்டருக்குத் தலையாட்டினாருன்னு ஆனா, தலையாட்டினதும் செல்லாது. கதவும் திறக்காது. உங்களுக்குக் கதவு திறக்கணுமா, வேண்டாமா?"

இருபத்தாறு வருஷத்து நேர்மை ஒரு பக்கம் இழுத்தது, ஆவி பறக்கும் சோறு மறுபக்கம் இழுத்தது.

"திறக்கணும் சார்."

"அப்போ நம்ம ஆபீஸ்ல தப்பே நடக்கல. போயி டீ போடுங்க."

விஷயம் வெளியே கசியாமல் இருக்குமா? ஒரே வாரத்தில் சந்தை முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் பரவியது வேறு கதை. தங்கச்சி மகள் கல்யாணத்துக்காக நாற்காலி அக்கா வேண்டுமென்றே அட்டையை மாற்றி வைத்து, இரண்டு நாட்டையும் தன் நூலில் கட்டி இழுத்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். கீரைக்காரி ஒரு கட்டு சும்மா கொடுத்தாள். சுமெய்க்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கெட்டிக்காரி என்ற பெயர் அவளுக்கு வேண்டாம். தவறே செய்யாதவள் என்ற பெயர்தான் வேண்டும். தவறு செய்தேன் என்று சொல்லவும் முடியாது, செய்யவில்லை என்று சொன்னால் அப்படியானால் வேண்டுமென்றே செய்தாய் என்பார்கள். லியாங் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். இத்தனை வருஷத்தில் நீ கோணலாக வைத்தது இது ஒன்றுதான், அதுதான் உருப்படியாக வந்தது என்றார். அன்று அவர் கிண்ணத்தில் சூப்பு குறைவாக விழுந்தது.

கொட்டகை எழும்பியது. மருந்துக் குழி தோண்டினார்கள். பத்தாம் மாதம் பதினைந்தாம் தேதி, கல்யாணத்துக்கு மூன்றே நாள் இருக்கும்போது, கதவைத் திறந்தார்கள். இரண்டு கொடியையும் ஒரே உயரத்தில் வைத்தவள் சுமெய். அந்த வருஷத்தோடு அவளுக்குப் பணி ஓய்வு, விழா முடிந்ததும் அங்கேயே அதற்கும் சேர்த்து ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். ஷாவ்தான் ஒலிபெருக்கியில் படித்தார். "இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு சிறு பிழையும் இல்லாத பணி" என்ற வரி வந்தபோது அவர் குரல் ஒரு கணம் தடுமாறியது. பத்திரத்தை அவள் கையில் கொடுக்கும்போது குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. வேணும்னேதான் வச்சீங்களா?"

"இல்ல சார். சத்தியமா தப்புதான்."

"நல்லது," என்றார் ஷாவ். "இனிமே யாராவது கேட்டா சும்மா சிரிங்க. எனக்கும் அதுதான் சௌகரியம்."

பதினெட்டாம் தேதி விடிவதற்கு முன்பே அவள் அடுப்பை மூட்டினாள். மேப்பிள் இலைச் சாற்றில் கறுப்பு, செடிச் சாறுகளில் சிவப்பும் ஊதாவும் மஞ்சளும், எதிலும் ஊறாத வெள்ளை என்று ஐந்து அரிசியும் மூடி போட்ட மூங்கில் தட்டில் ஆவியில் வெந்தன. மூடியைத் திறக்காமல் அப்படியே கூடையில் வைத்து, லியாங்கின் பழைய பஞ்சுப் போர்வையைச் சுற்றிக் கட்டினாள். லியாங் மோட்டார் சைக்கிளில் கதவுவரை கொண்டுவந்து விட்டார். எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள். ஏழே முக்காலுக்கே முப்பது பேர் நின்றார்கள். நாற்காலி அக்கா வருகிறாள், வழி விடுங்கள் என்று யாரோ சொல்ல, அவளை முன்னால் தள்ளிவிட்டார்கள். அந்த ஒரு நாள் மட்டும் அவள் கெட்டிக்காரி என்ற பெயருக்கு மறுப்புச் சொல்லவில்லை.

அக்கரைக் கொட்டகையில் வெள்ளை அங்கியோடு துயென் நின்றிருந்தார். உணவுப் பொருள் எதுவானாலும் அவர் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

"கூடையில என்னங்க?"

"சோறு. கல்யாணச் சோறு. திறந்தா ஆறிடும் டாக்டர்."

அவர் போர்வைக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார். மாட்டின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது போலவே இருந்தது.

"காய்ச்சல் நல்லா அடிக்குது. போங்க," என்றவர், அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்க அந்த விருந்துல டீ ஊத்தினவங்கதானே? உங்க ஊர்ல மாட்டு டாக்டருக்குக் குடுக்குற மரியாதை எங்க ஊர்ல இல்லீங்க. மீன் கன்னத்தை எனக்கு வச்சாரு பாருங்க, அந்த மனுஷனை நான் மறக்கவே மாட்டேன். எம் பொண்டாட்டிகிட்டச் சொன்னா நம்ப மாட்டேங்கிறா."

ஷாவ் சொன்னபடி சுமெய் சும்மா சிரித்தாள். சிரிக்கத் தொடங்கியதும் அது அவளை விடவில்லை. வயல் வரப்பில் கூடையை இடுப்பில் அணைத்துக்கொண்டு, தனியாகச் சிரித்தபடியே தங்கை வீடுவரை நடந்தாள்.

வாசலில் ஆலான் நின்றிருந்தாள். நாலு வருஷத்தில் ஆலானுக்குக் காதோரம் நரைத்திருந்தது. "பெரிய ஆளு, ரெண்டு நாட்டையும் ஏமாத்திட்டு வந்திருக்கா," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கூடையை வாங்கப் போனாள். சுமெய் கொடுக்கவில்லை. தன் கையாலேயே உள்ளே கொண்டுபோய், மணப்பெண் முன்னால் வைத்து, போர்வையை அவிழ்த்து மூடியைத் தூக்கினாள்.

பெண் விரலை நீட்டி ஊதாச் சோற்றைத் தொட்டாள். சட்டென்று விரலை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"சுடுது பெரியம்மா."

"ஊதிச் சாப்பிடு," என்றாள் சுமெய்.